மீட்டர் 900 காட்டினால் சாஃப்ட்னர் வாங்க வேண்டுமா?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் சொந்த வீடு. குடிக்க, சமைக்க மாநகராட்சித் தண்ணீர். மற்ற எல்லாவற்றுக்கும் போர் தண்ணீர். இரண்டு வருடத்தில் கீசர் காயில் இரண்டு முறை போய்விட்டது. வாஷிங் மெஷினில் துவைத்த துணி விறைப்பாக இருக்கிறது, கறுப்புத் துணியில் வெள்ளையாகப் படிகிறது. ஒருவர் வீட்டுக்கு வந்து, தண்ணீரில் மீட்டரை விட்டு 900 என்று காட்டி, வீடு முழுக்க சாஃப்ட்னர் போட 48 ஆயிரம் கேட்கிறார். போடலாமா?

பதில்: இப்போதைக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். அவர் காட்டியது டி.டி.எஸ். மீட்டர். தண்ணீரில் கரைந்திருப்பது மொத்தமாக எவ்வளவு என்றுதான் அது சொல்லும்; எந்த உப்பு என்று சொல்லாது. சாஃப்ட்னரோ கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு அதற்கு ஈடாகச் சோடியத்தை விடுகிற கருவி. மொத்தக் கணக்கு ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். 48 ஆயிரம் செலவழித்து மாட்டிய பிறகு அதே மீட்டரை விட்டுப் பாருங்கள், மறுபடியும் 900 பக்கம்தான் நிற்கும். எந்த மீட்டரைக் காட்டிப் பயமுறுத்துகிறாரோ, அந்த மீட்டரில் அவர் விற்கும் பொருளின் பலன் தெரியாது.

நம் பக்கத்தில் எல்லாவற்றையும் 'உப்புத் தண்ணி' என்று ஒரே பேரில் சொல்லிவிடுகிறோம். ஆனால் அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று வாயில் வைத்தாலே கரிக்கும், குளோரைடு கூடிய தண்ணீர்; கடலோரத்தில் நிலத்தடி நீரை அதிகம் இறைத்தால் கடல்நீர் உள்ளே ஏறி வருவது இப்படித்தான். இது உலோகத்தை அரிக்கும், டேங்கில் ஓட்டை போடும். இன்னொன்று கடினத் தண்ணீர். கரிக்காமலும் இருக்கலாம், ஆனால் சூடு பட்டால் சுண்ணாம்பாகப் படியும். சாஃப்ட்னர் இரண்டாவதற்குத்தான் மருந்து.

உங்களுடையது எது? குழாய் வாயில் படிந்திருக்கும் வெள்ளைப் பொருக்கைக் கத்தியால் கொஞ்சம் சுரண்டுங்கள். ஒரு சிட்டிகையை வெறும் தண்ணீரில் போடுங்கள். சாப்பாட்டு உப்பு என்றால் கரைந்துவிடும். கரையாவிட்டால் இன்னொரு சிட்டிகையில் எலுமிச்சைச் சாறு விடுங்கள். நுரைத்துக் குமிழி வந்தால் சுண்ணாம்பு. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இதுகூட வேண்டாம், 'போர் தண்ணியில பருப்பு வேகுதா?' என்று கேட்டால் போதும்; வேகாது என்றால் கடினத் தண்ணீர்தான்.

பிறகு அளவு. மோட்டாரைச் சில நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான கேனில் இரண்டு லிட்டர் பிடித்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் கட்டணம் கட்டிக் கொடுங்கள். முடிவில் இரண்டு வரியைப் பாருங்கள்: மொத்தக் கடினத்தன்மை, குளோரைடு. இந்தியக் குடிநீர்த் தரத்தில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியே இல்லையென்றால் 600. இது குடிப்பதற்கான கணக்கு. கீசரின் கதை வேறு. 400 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால் 100 லிட்டர் தண்ணீரில் 40 கிராம் சுண்ணாம்புச் சரக்கு இருக்கிறது. அவ்வளவும் படியாது, சூடாகும் இடத்தில் ஒரு பங்குதான் படியும். அந்தப் பங்கே காயிலுக்குக் கம்பளி போர்த்தியதுபோல் ஆகிவிடும். சூடு தண்ணீருக்குப் போகாமல் உள்ளேயே தங்கி, காயில் கருகுகிறது. கீசர் ஓடும்போது சோளப்பொரி பொரிவதுபோல் படபடவென்று சத்தம் வருகிறதா? அப்படியானால் படிவு ஏறிவிட்டது.

அதனால் முதல் வேலை, தெர்மோஸ்டாட்டை 55 டிகிரி பக்கம் இறக்குவது. சூடு ஏற ஏறப் படிவும் ஏறும். காலையில் போட்டு மதியம்வரை அணைக்காமல் விடும் பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். வருடத்துக்கு ஒரு முறை மெக்கானிக்கை வைத்துக் காயிலைக் கழற்றி, லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து ஊறவைத்துச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். பக்கத்திலேயே மக்னீசியக் கம்பி ஒன்று இருக்கும். டேங்குக்குப் பதிலாகத் தான் அரிபட அதை வைத்திருக்கிறார்கள். மெலிந்துபோயிருந்தால் மாற்ற வேண்டும். பல பேர் அதைக் கண்டுகொள்வதே இல்லை. பாத்ரூம் கழுவும் ஆசிட்டை யாராவது கொண்டுவந்தால் கீசர் பக்கமே விடாதீர்கள்.

துணிக்கு வருவோம். பவுடரில் இருக்கும் சோடா, தண்ணீரின் கால்சியத்தோடு சேர்ந்து மாவுபோல் இறங்குகிறது. கறுப்புத் துணியில் தெரிவது அதுவாகத்தான் இருக்கும். லிக்விடுக்கு மாறிப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, துணி போடாமல், 100 கிராம் சிட்ரிக் அமிலத்தோடு வெந்நீரில் ஓட்டுங்கள். அன்று பிளீச்சிங் பவுடரைத் தொடக்கூடாது. இரண்டும் சேர்ந்தால் விஷவாயு.

சரி, சாஃப்ட்னர்? குளோரைடு கூடுதலாக வந்தால் வேண்டவே வேண்டாம், பிரச்சினை தீராது. கடினத்தன்மை 400-க்கு மேல் இருந்து, மேலே சொன்னதைச் செய்தும் காயில் போகிறதென்றால் போடுங்கள். ஆனால் வீடு முழுக்க எதற்கு? கக்கூஸ் கழுவவும் தோட்டத்துக்கும் மென்மையான தண்ணீர் தேவையில்லை. கீசருக்கும் மெஷினுக்கும் போகும் லைனில் மட்டும் சின்னதாக ஒன்று போதும். அதற்கு அவ்வப்போது உப்புக் கரைசல் ஊற்றிக் கழுவ வேண்டும். அந்தக் கழிவைத் தென்னைக்கு விட்டுவிடாதீர்கள். போட்ட பிறகு கடினத்தன்மையை மறுபடி அளந்து காட்டினால்தான் மீதிப் பணம் என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

இன்னொரு வழியும் உண்டு. மாநகராட்சித் தண்ணீரையும் அதே கூடத்தில் கொடுத்துப் பாருங்கள். அது மென்மையாக இருந்து, போதுமான அளவு வந்தால், மாடியில் சின்ன டேங்க் ஒன்று வைத்துக் கீசர் லைனை அதில் கொடுத்துவிடலாம். பிளம்பருக்கு அரைநாள் வேலை.