எஸ்பெராண்டோவா, இலோகானோவா? விகானுக்குப் படிக்கச் செல்லும் மாணவியின் தாயாருக்கு

அன்புள்ள அம்மா,

வணக்கம். தங்கள் மகள் பிலிப்பைன்ஸின் விகான் நகருக்கு மருத்துவம் பயிலச் செல்லவிருக்கும் வேளையில், இரவு நேரங்களில் கைப்பேசியில் எஸ்பெராண்டோ என்னும் செயற்கைப் பொதுமொழியைக் கற்பதில் மூழ்கியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதைத் தடுப்பதா, கட்டணம் கட்டி முறையான வகுப்பில் சேர்ப்பதா, அல்லது விகான் மக்கள் பேசும் இலோகானோவை இப்போதே தொடங்கச் சொல்வதா என்ற தங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்: புறப்படும்வரை மொழிக்கென அவர் ஒதுக்கும் நேரத்தின் பெரும்பகுதி இலோகானோவுக்குப் போகட்டும். எஸ்பெராண்டோவைத் தடுக்க வேண்டாம். அதற்காகப் பணம் செலவிடவும் வேண்டாம்.

எஸ்பெராண்டோ வீண் வேலை அன்று. கண் மருத்துவரான ஸாமென்ஹாஃப் 1887இல் வார்சாவில் வெளியிட்ட அம்மொழி, விதிவிலக்குகள் இல்லாதபடி திட்டமிட்டு அமைக்கப்பட்டது. பெயர்ச்சொல் ‘ஓ’ என்றும் பெயரடை ‘ஆ’ என்றும் முடியும். வாசிக்கிறார் என்பதற்கு ‘லெகாஸ்’, வாசித்தார் என்பதற்கு ‘லெகிஸ்’, வாசிப்பார் என்பதற்கு ‘லெகோஸ்’ என ஒரே வேரில் காலம் மாறுகிறது. எழுவாய் யாராயினும் வினை மாறுவதில்லை. ‘சானா’ என்றால் நலமுள்ள, முன்னால் ‘மல்’ சேர்த்தால் நலமற்ற, ‘மல்சானூலோ’ நோயாளி, ‘மல்சானுலேயோ’ மருத்துவமனை. செயப்படுபொருளுக்கு ஓர் ‘ன்’ சேர்ப்பது ஆங்கிலம் மட்டுமே அறிந்தவர்களைத் தடுமாற வைக்கும். ‘புத்தகத்தை’ என்று சொல்லிப் பழகிய நம் பிள்ளைகளுக்கு அது இயல்பாகவே வரும். இலவசப் பாடங்கள் இணையத்தில் தாராளமாக உள்ளன. எஸ்பெராண்டோ பேசும் உறுப்பினர்களின் வீடுகளில் கட்டணமின்றித் தங்க வழி செய்யும் ‘பாஸ்போர்ட்டா செர்வோ’ என்ற ஏற்பாடும் உண்டு. ஆனால் எஸ்பெராண்டோவை ஒரு தகுதியாகக் கேட்கும் வேலை அறிவிப்பு மிக அரிது. ‘உலகப் பொதுமொழி’ என்ற பெயரை நம்பி, எந்த நாட்டிற்குப் போனாலும் அது கைகொடுக்கும் என்று தாங்கள் கணக்கிட வேண்டாம். விகான் மருத்துவமனையில் அதைப் பேசும் ஒரு நோயாளியையாவது அவர் சந்திப்பார் என எதிர்பார்க்க இயலாது.

இலோகானோவின் நிலை இதற்கு நேர்மாறானது. சுமார் 80 லட்சம் பேரின் தாய்மொழியான அது, விகான் அமைந்துள்ள லூசான் தீவின் வடபகுதி முழுவதற்கும் பொதுமொழியாகவும் விளங்குகிறது. நாட்டின் தேசிய மொழிக்கு அடிப்படையான தகாலோகும் இதுவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இருந்தும் ஒன்றை அறிந்தவருக்கு மற்றொன்று தானாகப் புரிந்துவிடாது. ஆகவே ‘பிலிப்பைன்ஸ் மொழி’ என்று பொதுவாக விளம்பரப்படுத்தும் வகுப்புகளில் சேரும் முன், கற்பிப்பது எந்த மொழி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021ஆம் ஆண்டு விதிகள் வெளிநாட்டு மருத்துவப் படிப்பு ஆங்கில வழியில் இருக்க வேண்டும் என்கின்றன. எனவே பாடத்துக்கோ தேர்வுக்கோ இலோகானோ தேவைப்படாது. அது தேவைப்படும் இடம் நோயாளியின் படுக்கையருகே. ஆங்கிலம் அந்நாட்டில் பரவலாக அறியப்பட்டதே. ஆயினும் வயலிலிருந்து வந்திருக்கும் ஒரு முதியவர் தம் வலியை, அது தொடங்கிய நேரத்தை, இதற்கு முன் உட்கொண்ட மருந்தைத் தாய்மொழியில்தான் தயக்கமின்றிச் சொல்வார். ‘அனியா தி மரிக்ரிக்னயோ, ஆப்போ?’ என்றால் ‘ஐயா, உங்களுக்கு என்ன செய்கிறது?’ என்று பொருள். இதிலுள்ள ‘யோ’ மரியாதைப் பன்மை. வயதில் மூத்தவரிடம் ஒருமையில் பேசலாகாது என்ற நம் வழக்கம் அங்கும் அப்படியே இருக்கிறது. முன்னிருப்பவரைச் சேர்த்துச் சொல்லும் ‘நாம்’ அங்கே ‘தாத்தாயோ’. சேர்க்காத ‘நாங்கள்’ ‘தாகாமி’. எஸ்பெராண்டோவில் இரண்டுக்கும் ‘நி’ ஒன்றே.

கடினம் வினைச்சொற்களில் இருக்கிறது. அதைத் தங்கள் மகள் முன்பே அறிந்திருப்பது நல்லது. ‘பாசா’ என்ற வேரிலிருந்து வாசிப்பதற்கு ‘அக்பாசா’, வாசித்துக்கொண்டிருப்பதற்கு ‘அக்பஸ்பாசா’, வாசித்துவிட்டதற்கு ‘நக்பாசா’ என்று முன்னொட்டும் அசையிரட்டிப்பும் சேர்ந்து வரும். செய்பவரை முன்னிறுத்துகிறோமா, செய்யப்படும் பொருளை முன்னிறுத்துகிறோமா என்பதைப் பொறுத்து ஒட்டு மீண்டும் மாறும். எஸ்பெராண்டோவின் ஒழுங்குக்குப் பழகியவர் இங்கே முதல் சில வாரங்கள் சலிப்படையக்கூடும். ஸ்பானிய ஆட்சி விட்டுச்சென்ற சொற்களால், புத்தகத்துக்கு ‘லிப்ரோ’ என்பதுபோன்ற சில ஒற்றுமைகள் இரு மொழிகளிலும் தென்படும். ஆனால் ஒன்றைக் கற்றால் மற்றொன்று எளிதாகும் என்று சொல்லும் அளவுக்கு அவை போதா.

இலோகானோவால் வேலை கிடைக்குமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஹவாய் கரும்புத் தோட்டங்களுக்கு 1906 முதல் இலோகானோ தொழிலாளர்கள் சென்று குடியேறியதால், அங்குள்ள நீதிமன்றங்களிலும் மருத்துவமனைகளிலும் இம்மொழிக்கு உரைபெயர்ப்பாளர்கள் தேவைப்படுகிறார்கள். ஹவாய்ப் பல்கலைக்கழகம் மானோவா வளாகத்தில் இதைப் பட்டப்படிப்பு நிலையிலேயே கற்பிக்கிறது. தங்கள் மகளின் வழி மருத்துவம் என்பதால், இதை ஒரு தகவலாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எஸ்பெராண்டோவுக்கு இருப்பதுபோல் மெருகேறிய செயலிகளை இலோகானோவுக்கு எதிர்பார்க்காதீர்கள். கார்ல் ரூபினோ தொகுத்த அகராதி நம்பகமானது. 1934 முதல் வெளிவரும் ‘பன்னாவாக்’ இதழ் பின்னாளில் வாசிப்புப் பயிற்சிக்கு உதவும். முதலில் வணக்கம், நன்றி, எண்கள், உடலுறுப்புகளின் பெயர்கள், வலியைப் பற்றிய கேள்விகள் ஆகியவற்றை மட்டும் அவர் ஒலியோடு கற்கட்டும். இலக்கணத்தை விகானுக்குச் சென்றபின், விடுதியிலும் சந்தையிலும் காதில் விழும் பேச்சோடு சேர்த்துப் படித்தால் விரைவாகப் பிடிபடும். அங்கேயே படிக்கும் மூத்த மாணவியர் இருவரிடமாவது பேசி, மருத்துவமனைப் பயிற்சி எந்த ஊரில் நடக்கிறது, அங்கு வரும் நோயாளிகள் எந்த மொழியில் பேசுகிறார்கள் என்று இந்த மாதமே கேட்டறியச் சொல்லுங்கள். பயிற்சி வேறு மாகாணத்தில் என்றால், கற்க வேண்டிய மொழியும் மாறக்கூடும்.