கூடு பாய்ந்த வில்லன் – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

நானும் என் நண்பனும் சேர்ந்து 88 பக்கத்தில் ஒரு சூப்பர் ஹீரோ காமிக்ஸ் செய்துவருகிறோம். கதை என்னுடையது, படம் அவனுடையது. ஹீரோ ஒரு தீயணைப்பு வீரன், நெருப்பு அவனைச் சுடாது. வில்லன் சாகக் கிடக்கும் ஒரு வேதியியல் விஞ்ஞானி. அவன் ஹீரோவின் உடலுக்குள் புகுந்து வேலை, வீடு, காதலி எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறான். 'சுப்பீரியர் ஸ்பைடர்மேன்' படித்த பாதிப்பில்தான் தொடங்கினோம்.

நடுவில் மாட்டிக்கொண்டோம். கூட இருப்பவர்கள் கண்டுபிடித்துவிட்டால் கதை அங்கேயே முடிந்துவிடுகிறது. கண்டுபிடிக்காவிட்டால் எல்லோரும் முட்டாள்களாகத் தெரிகிறார்கள். வில்லன் ஹீரோவாக நடிக்கும் 40 பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறது. ஹீரோ திரும்பிவர வழி தெரியாமல் கடைசி 3 பக்கத்தில் ஒரு இயந்திரத்தைக் கொண்டுவந்து முடித்துவிட்டோம். எங்கே தவறு?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

நீங்கள் அனுப்பிய கதைச் சுருக்கத்தில் உங்கள் வில்லன் ஹீரோவின் வாழ்க்கையைக் கெடுக்கிறான். வேலையில் திட்டு வாங்குகிறான், காதலியிடம் எரிந்து விழுகிறான், அம்மாவை அழவைக்கிறான். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. கெடுப்பவனைச் சுற்றியிருப்பவர்கள் உடனே சந்தேகப்படத்தான் வேண்டும். படாவிட்டால் முட்டாள்கள்தான். ஹீரோவைவிட அவன் அந்த வாழ்க்கையை நன்றாக வாழட்டும். பிறகு, அவன் நன்றாகச் செய்ததே அவனைக் கவிழ்க்கட்டும். நீங்கள் கேட்ட மூன்றுமே இந்த ஒரு மாற்றத்தில் பெருமளவு தீர்ந்துவிடும்.

கூடுவிட்டுக் கூடு பாயும் கதை காமிக்ஸுக்குப் பழையது. 1963இல் 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' 10ஆம் இதழிலேயே வில்லன் டாக்டர் டூம், ஹீரோ ரீட் ரிச்சர்ட்ஸின் உடலுக்குள் புகுந்துவிட்டார். ஒரே இதழில் முடிந்த கதை. 1969இல் 'கேப்டன் அமெரிக்கா' 115ஆம் இதழில் வில்லன் ரெட் ஸ்கல், நினைத்ததை நடத்தும் காஸ்மிக் க்யூபை வைத்து கேப்டனோடு உடல் மாற்றிக்கொள்கிறான். இரண்டிலும் அக்கறை ஹீரோ எப்படித் தப்புவான் என்பதில்தான். 'சுப்பீரியர் ஸ்பைடர்மேன்' எழுதிய டான் ஸ்லாட் 2012இல் கேள்வியைத் திருப்பிப் போட்டார். ஹீரோ தப்பவில்லை என்று வைத்துக்கொள்வோம், வில்லன் அந்த வாழ்க்கையை என்ன செய்வான்?

அவர் அதைத் தொடங்கிய 'அமேசிங் ஸ்பைடர்மேன்' 698ஆம் இதழை எடுத்து எதிரில் வைத்துக்கொண்டு ஒருமுறை பிரித்துப் பாருங்கள். ஸ்பைடர்மேனான பீட்டர் பார்க்கர் உற்சாகமாக, சாமர்த்தியமாக ஒரு நாளைக் கழிக்கிறான். சிறையில் அவனுடைய எதிரி, டாக்டர் ஆக்டோபஸ் எனப்படும் ஓட்டோ ஆக்டேவியஸ் சாகக் கிடக்கிறார். உடல் மாற்றம் ஏற்கெனவே நடந்துவிட்டது என்பது இதழின் முடிவில்தான் நமக்குத் தெரிகிறது. மாற்றம் நடக்கும் காட்சியே அந்த இதழில் இல்லை. நீங்களோ 9 முதல் 16ஆம் பக்கம் வரை குழாய், மின்னல், அலறல் என்று 8 பக்கம் செலவழித்திருக்கிறீர்கள். அதை வெட்டினால் 8 பக்கம் கையில் மிஞ்சும். பின்னால் அது தேவைப்படும்.

வெளிப்படுத்தும் கட்டத்தை இரட்டைப்படைப் பக்கத்தின் முதல் கட்டமாக வையுங்கள். ஒற்றைப்படைப் பக்கம் வலதுபுறம் வரும், அதன் கடைசிக் கட்டத்தில் கேள்வி நிற்க வேண்டும். தாளைத் திருப்பினால் பதில். உங்கள் வரைவில் அது 21ஆம் பக்கத்தில், வலதுபுறம் இருக்கிறது. 20ஆம் பக்கத்தைப் படிக்கும்போதே வாசகன் கண் ஓரத்தில் அதைப் பார்த்துவிடுவான். 22க்குத் தள்ளுங்கள்.

அடுத்தது, எழுத உட்காருவதற்கு முன் செய்திருக்க வேண்டிய வேலை. ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள். வில்லனுக்கு ஹீரோவின் நினைவில் எதெல்லாம் கிடைக்கும், உடலின் பழக்கத்தில் எதெல்லாம் தானாக வரும், எது வரவே வராது. ஏணி ஏறுவது, முடிச்சுப் போடுவது, கையெழுத்து எல்லாம் உடலோடு வரலாம். அம்மாவின் மருந்து வேளை, நண்பனுக்குக் கொடுத்த வாக்கு, பாஸ்வேர்டு எல்லாம் நினைவோடு வரும். ஒரு விஷயத்தைக் கேட்டதும் சிரிப்பு வருமா கோபம் வருமா என்பது எதிலும் வராது, அது ஆளைப் பொறுத்தது. இந்தத் தாளை வைத்துக்கொண்டு வரைவை ஓட்டிப் பாருங்கள். 34ஆம் பக்கத்தில் காதலியின் பிறந்தநாள் அவனுக்குத் தெரிகிறது, 41இல் அவள் பெயரே தடுமாறுகிறது. இந்த மாதிரி ஓட்டை ஒன்று விழுந்தால் போதும், வாசகன் கதையை நம்புவதை விட்டுவிடுவான்.

ஸ்லாட் இந்த விதியைக் கதையாகவே மாற்றியிருப்பதைக் கவனியுங்கள். ஓட்டோவுக்கு பீட்டரின் நினைவுகள் முழுவதும் கிடைக்கின்றன, அதனால்தான் நடிக்க முடிகிறது. அந்த நினைவுகளுக்குள் பீட்டரின் மிச்சம் ஒன்று ஒளிந்திருக்கிறது. 'சுப்பீரியர்' 9ஆம் இதழில் ஓட்டோ அதைக் கண்டுபிடித்து அழிக்கிறார். வில்லனுக்கு முழு வெற்றி. சில இதழ்கள் கழித்து பீட்டர் வேலை பார்க்கும் ஹொரைஸன் ஆய்வகத்தைக் காப்பாற்ற, பீட்டர் முன்பு தீர்த்துவைத்த ஒரு கணக்கு தேவைப்படுகிறது. அந்த நினைவைத் தன் கையாலேயே துடைத்துவிட்டார். ஆய்வகம் போய்விடுகிறது. அவருடைய வெற்றியின் வட்டிதான் அது.

கண்காணிப்பு விஷயம் இதைவிடக் கனமானது. பீட்டர் காதில் விழும் கூக்குரலுக்கு ஓடியவன். ஓட்டோ நகரம் முழுக்கக் குட்டி ஸ்பைடர் ரோபோக்களை விட்டு, எங்கே என்ன நடக்கிறது என்று உட்கார்ந்த இடத்தில் பார்க்கிறார். குற்றம் குறைகிறது, மேயர் மெச்சுகிறார், அவருக்கே ஓய்வு கிடைக்கிறது. ஆனால் தன் கண்ணால் பார்ப்பதை விட்டுவிட்டார். ஸ்பைடர்மேனின் பழைய எதிரி நார்மன் ஆஸ்பார்ன், அதாவது காப்ளின். அவனுடைய ஆட்கள் தங்கள் கூட்டம் மட்டும் அந்த ரோபோக்களின் கண்ணுக்குத் தெரியாதபடி செய்துவிடுகிறார்கள். அப்புறம் நகரத்துக்கு அடியில் ஒரு படையே திரள்கிறது, ஓட்டோவின் திரையில் அமைதி. உங்கள் விஞ்ஞானிக்கு இதைப் போல ஒன்று கட்டாயம் வேண்டும். வேதியியல் தெரிந்தவன் தீயணைப்பு நிலையத்துக்கு வந்தால் என்ன செய்வான்? எந்தக் கட்டடத்தில் எது எந்த வெப்பத்தில் பற்றும் என்று பட்டியல் எடுத்து, உணர்கருவிகள் பொருத்தி, வண்டி எங்கே நிற்க வேண்டும் என்று மாற்றியமைப்பான். வண்டி சீக்கிரம் போய்ச் சேரும், பதக்கம் வரும். அதே பட்டியல், எந்தக் கட்டடத்தில் கருவி இல்லை என்பதையும் சொல்லும். தீ வைக்க நினைப்பவனுக்கு வேறென்ன வேண்டும்? இப்படிச் செய்தால் உங்கள் நடுப்பகுதி 40 பக்கமும் தானாக ஏறு முகமாக நகரும். பாதிவரை ஒவ்வொன்றும் வெற்றி, பாதிக்குமேல் ஒவ்வொரு வெற்றியும் திருப்பி அடிக்கும்.

இப்போது கூட இருப்பவர்கள். எல்லோருக்கும் ஒரே சந்தேகத்தைக் கொடுக்காதீர்கள். ஒவ்வொருவரும் ஒரு துண்டைப் பார்க்க வேண்டும், துண்டுகள் ஒன்றுசேரத் தாமதமாக வேண்டும். அந்தத் துண்டுக்கு அவர்களிடம் நியாயமான வேறு விளக்கம் இருக்க வேண்டும். 'சுப்பீரியர்' இரண்டாம் இதழிலேயே ஓட்டோ, பீட்டரின் நெடுநாள் துணை மேரி ஜேனை விட்டு விலகிவிடுகிறார், மிக நெருக்கமாகத் தெரிந்தவள் தினமும் பார்க்கும் வாய்ப்பே போய்விடுகிறது. ஐந்தாம் இதழில் மேஸக்கர் என்ற கொலைகாரனை அவர் சுட்டுக் கொன்ற பிறகு அவெஞ்சர்ஸ் சந்தேகப்படத்தான் செய்கிறார்கள், சோதித்தும் பார்க்கிறார்கள், உடல் பீட்டருடையதுதானே! விடாமல் துருவுகிறவள் கார்லி கூப்பர். அவள் காவல்துறைத் தடயவியல் ஆள், தொழிலே அதுதான். கண்டுபிடிக்கும் நேரத்தில் காப்ளின் கூட்டத்திடம் சிக்கிக்கொள்கிறாள். இங்கே யாரும் முட்டாள் இல்லை, பாருங்கள்.

1987இல் ஜே.எம்.டிமாட்டிஸ் எழுதி மைக் ஸெக் வரைந்த க்ராவன் கதையில் இன்னொரு வழி. வேட்டைக்கார வில்லன் க்ராவன் ஸ்பைடர்மேனை மயக்கிப் புதைத்துவிட்டு அவன் உடையைப் போட்டுக்கொண்டு இரண்டு வாரம் திரிகிறான். உடல் மாற்றமே இல்லை, உடை மாற்றம்தான். அவன் வழிப்பறிக்காரர்களை அடிக்கும் விதத்தைப் பார்த்தே இது தன் கணவன் இல்லை என்று மேரி ஜேனுக்குத் தெரிந்துவிடுகிறது. முகமூடிக்குள் இருப்பவனை அவன் வன்முறையின் அளவு காட்டிக்கொடுக்கிறது. உங்கள் கதையில் காதலிக்கு இந்த மாதிரி ஒரு துண்டைக் கொடுங்கள், பிறந்தநாளை மறந்தான் என்பதெல்லாம் வேண்டாம்.

படம் போடும் நண்பருக்கு. முகம் ஒன்று, ஆள் வேறு. இதைப் புருவத்தை வளைத்துக் காட்டினால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். கையும் தூரமும் போதும். நிலையத்துக்குத் திரும்பும் காட்சியை ஆறு கட்டமாக இரண்டு முறை வரையச் சொல்லுங்கள், ஒன்று 5ஆம் பக்கத்தில் ஹீரோ, மற்றது 26இல் வில்லன். கோணம் ஆறும் மாறக்கூடாது. ஹீரோ ஹெல்மெட்டை இடது அக்குளில் இடுக்கிக்கொண்டு, நண்பன் தோளில் கைபோட்டு, கரி படிந்த கையாலேயே தண்ணீர் குடிக்கிறான். வில்லன் ஹெல்மெட்டை ஆணியில் நேராக மாட்டுகிறான், கையைக் கழுவுகிறான், நண்பனிடமிருந்து ஒரு கை தூரம் தள்ளி நிற்கிறான். வசனம் இரண்டிலும் ஒன்றே இருக்கட்டும். வாசகனுக்கு முதுகு சில்லிடும், நண்பனுக்கோ 'இன்னைக்கு இவன் ரொம்பச் சுத்தமா இருக்கானே' என்பதற்கு மேல் தோன்ற நியாயமில்லை.

வசனத்தில் நமக்கு ஒரு வசதி உண்டு, நீங்கள் அதைத் தொடவே இல்லை. நண்பனை 'டா' போட்டுக் கூப்பிடுபவன், அம்மாவிடம் 'நீ' என்று பேசுபவன், ஒரு தடவை 'நீங்க' என்று சொல்லிவிட்டால் போதும். 88 பக்கத்தில் ஒரே ஒரு தடவை, அவன் பதற்றத்தில் இருக்கும்போது. வில்லன் மனதுக்குள் பேசும் பெட்டிகளில் எழுத்துத் தமிழும் வாயில் பேச்சுத் தமிழும் வைத்தால் யார் பேசுகிறார் என்று விளக்கவே தேவையில்லை. ஒரு பலூனில் 12 சொல்லுக்கு மேல் வேண்டாம், நம் சொற்கள் நீளம், படத்தை மூடிவிடும்.

ஹீரோ எங்கே இருக்கிறான்? உங்கள் வரைவில் 22க்குப் பிறகு 85 வரை ஆளையே காணோம். ரெட் ஸ்கல் கதையில் கேப்டன், எதிரியின் உடலோடு ஒரு தீவில் மாட்டிக்கொள்கிறார். அங்கேதான், 117ஆம் இதழில், ஃபால்கன் அறிமுகமாகிறான். ஒன்றுமே தெரியாத அந்நியன் ஒருவன் அவரோடு சேர்ந்து நிற்கிறான். உங்கள் ஹீரோ சாகக் கிடக்கும் உடலில் ஆஸ்பத்திரியில் இருக்கிறான் அல்லவா? அங்கே ஒரு செவிலியரைப் போடுங்கள். வெட்டி எடுத்த 8 பக்கம் அவர்களுக்கு.

திரும்பிவருவதற்கு இயந்திரம் வேண்டாம். ஓட்டோவை யாரும் துரத்தவில்லை. அவர் காதலி அன்னா மரியா, காப்ளினின் கையில் சிக்கியிருக்கிறாள், அவளை உண்மையாகவே காதலிக்கிறார், தன்னால் முடியாது, பீட்டரால் முடியும் என்று ஒப்புக்கொண்டு தானே உடலை விட்டுக்கொடுக்கிறார். அடுத்த இதழில், 31ஆவது, சண்டைக்கு நடுவே வரும் கிண்டலைக் கேட்டதும் எதிரில் நிற்பது யார் என்று காப்ளினுக்குத் தெரிந்துவிடுகிறது. உங்கள் வில்லனும் தன் உணர்கருவிகள் பொய் சொல்லும் ஒரு கட்டடத்தின் முன் நிற்கட்டும். தோல் தாங்கும். உள்ளே போகும் துணிச்சல் அவனிடம் இல்லை.

உடல் திரும்பக் கிடைத்ததோடு முடித்துவிடாதீர்கள். பீட்டர் எழுந்தபோது அவன் பெயரில் ஒரு கம்பெனி, அவன் படிக்காத ஒரு டாக்டர் பட்டம், அவனுக்குத் தெரியாத ஒரு காதலி. உங்கள் ஹீரோவின் சட்டையிலும் அவன் வாங்காத பதக்கம் தொங்கும், மாற்றியமைத்த வண்டிகளால் பிழைத்தவர்கள் வந்து கைகுலுக்குவார்கள். பழைய முறைக்கே திரும்பச் சொல்வானா, அந்த விஞ்ஞானியின் பட்டியலில் ஓட்டையை அடைத்து வைத்துக்கொள்வானா? இதற்கு 8 பக்கமாவது வேண்டும். உடல் மாறும் இடத்தை 86இலிருந்து 78க்குக் கொண்டுவாருங்கள், இடம் கிடைத்துவிடும்.