போர்டு வாங்குமுன் ரேமை முடிவு செய்யுங்கள்

கேள்வி: ஃபிளெக்ஸ் டிசைன் செய்கிறேன். சித்திரைத் திருவிழா வேலை குவியுமுன் புது சிஸ்டம் போட வேண்டும். பிராசசர் ஐ5-12400. ஒரு கடையில் எச்610 டிடிஆர்4 போர்டு போதும் என்கிறார்கள், இன்னொரு கடையில் டிடிஆர்5 போர்டுதான் நல்லது என்கிறார்கள். பழைய சிஸ்டத்தில் 2400 வேக டிடிஆர்4 ரேம், 8 ஜிபி இரண்டு இருக்கின்றன. அவை உதவுமா?
– வாசகர், திருமங்கலம்

பதில்: இந்தப் பிராசசர் இரண்டு வகை ரேமையும் ஏற்கும். போர்டு வழக்கமாக ஒன்றைத்தான் ஏற்கும். இரண்டிலும் 288 பின்தான், ஆனால் நடுவெட்டு இடம் மாறியிருக்கும். அழுத்திப் பொருத்தப் பார்த்தால் ஸ்லாட் போய்விடும்.

உங்கள் வேலைக்கு ரேமின் வேகத்தைவிட அளவுதான் முக்கியம். 20-க்கு 10 அடி பேனர், 72 டிபிஐ என்றால் 17,280 x 8,640 பிக்சல். சிஎம்ஒய்கேயில் (அச்சுக்கான நான்கு வண்ண முறை) முழு அளவு லேயர் ஒன்றுக்கே ஏறக்குறைய 600 எம்பி. அப்படிப் பத்து லேயரும் அன்டூ கணக்கும் சேர்ந்தால் 16 ஜிபி திணறும். போட்டோஷாப் மிச்சத்தை டிஸ்க்கில் எழுதத் தொடங்கும், வேலை நகராது. அதனால் டிடிஆர்4 போர்டு, 3200 வேகத்தில் 16 ஜிபி இரண்டு உள்ள ஒரே கிட் வாங்குங்கள். பழையதை இதோடு கலக்க வேண்டாம். எல்லாம் 2400-க்கு இறங்கும், சில நேரம் சிஸ்டம் பூட் ஆகவே ஆகாது. இப்போது பணம் இடிக்கிறது என்றால் பழைய இரண்டை மட்டும் போட்டு ஓட்டுங்கள், கிட் பிறகு வாங்கலாம்.

எச்610-இல் பெரும்பாலும் இரண்டே ஸ்லாட். இந்தக் கிட்டுக்கு அது போதும். தயக்கம் வேறு இடத்தில். 12400 உச்சத்தில் 117 வாட் வரை இழுக்கும். மலிவு போர்டுகள் பலவற்றில் பிராசசருக்கு மின்சாரம் கொடுக்கும் பகுதியில் ஹீட்சிங்க் இருக்காது. நம்ம ஊர் வெயிலில், ஏசி இல்லாத கடையில், நீண்ட எக்ஸ்போர்ட்டின்போது அந்தப் பகுதி கொதித்தால் வேகம் குறையும். ஹீட்சிங்க் வைத்த பி660 அல்லது பி760 டிடிஆர்4 போர்டே என் தேர்வு. நான்கு ஸ்லாட் இருந்தால், பிராசசர் பக்கமிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போடுங்கள். 12400எஃப் தந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அதில் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது, தனி கார்டு இல்லாமல் திரையில் படம் வராது.

கேள்வி: ரைசன் 5 7600, பி650 போர்டு, டிடிஆர்5 16 ஜிபி இரண்டு. முதல் தடவை ஆன் செய்தால் ஃபேன் சுற்றுகிறது, டிரேம் லைட் (ரேமைக் குறிக்கும் போர்டு விளக்கு) எரிகிறது, திரை கறுப்பு. போர்டு போய்விட்டதா?
– வாசகி, மேலூர்

பதில்: அவசரப்பட்டு ஆஃப் செய்யாதீர்கள். உங்கள் பி650 போன்ற ஏஎம்5 போர்டு முதல் தடவை ரேமுக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்ளச் சில நிமிடம் எடுக்கும். கால் மணி நேரம் பொறுங்கள். அப்போதும் படம் வராவிட்டால், பவர் கார்டைப் பிடுங்கிவிட்டு, ஒரே ஒரு ரேமை ஏ2 ஸ்லாட்டில் (நான்கு ஸ்லாட் போர்டில் பிராசசர் பக்கமிருந்து இரண்டாவது) ‘டிக்’ சத்தம் வரும்வரை அழுத்தி முயலுங்கள். அடுத்தது சிமாஸ் கிளியர் (போர்டின் அமைப்புகளை ஆரம்ப நிலைக்குத் திருப்புவது), பிறகு பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட். அப்டேட் நடக்கும்போது கரன்ட் போனால் போர்டு கெட்டுவிடலாம், யுபிஎஸ் இல்லாமல் தொடாதீர்கள். பின்னாளில் நான்கு ரேம் போடும் எண்ணம் வேண்டாம்: இரண்டு இருந்தால் ஏஎம்டி சொல்லும் வேகம் 5200, நான்கானால் 3600.

கேள்வி: 3200 டிடிஆர்4 ரேம் வாங்கினேன். சிபியு-இசட் மென்பொருளில் 1333 காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?
– வாசகர், உசிலம்பட்டி

பதில்: இல்லை. அது பாதியைத்தான் காட்டும், ஆகவே இப்போது ஓடுவது 2666. பயாஸில் எக்ஸ்எம்பியை (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பு) ஆன் செய்யுங்கள். 1600 காட்டினால் 3200 கிடைத்துவிட்டது.