வீட்டிலிருந்தே வேலை: மாற்றுத்திறனாளி நண்பர்கள் கேட்டவை

எனக்குப் பார்வை கிடையாது. ஒன்பது வருடமாக மதுரையில் வீட்டிலிருந்தபடியே வாடிக்கையாளர் சேவை வேலை பார்க்கிறேன். வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள்.

அக்கா, எனக்குப் போலியோ. டேட்டா என்ட்ரி வேலை, மாதம் 18,000 ரூபாய் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. பதிவுக் கட்டணம் 2,500 கேட்கிறார்கள். கட்டலாமா?

வேண்டாம் தம்பி. சம்பளம் கொடுக்கிறவர் நம்மிடம் பணம் கேட்கமாட்டார். நானும் ஒருமுறை கட்டியவள்தான். ஸ்கேன் செய்த பக்கங்களைப் படங்களாக அனுப்பினார்கள். திரையில் உள்ள எழுத்தை வாசித்துச் சொல்லும் என் ஸ்கிரீன் ரீடர் மென்பொருளுக்கு அவை பிடிபடவில்லை. அண்ணன் மகள் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க வாசிக்க நான் தட்டச்சு செய்தேன். எட்டாம் நாள், "பிழைகள் அதிகம், ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள், அபராதம் கட்டாவிட்டால் வழக்கு" என்று வக்கீல் நோட்டீஸ் மாதிரி ஒன்று வந்தது. மூன்று ராத்திரி தூங்கவில்லை. அது வெறும் மிரட்டல் என்று பிறகுதான் புரிந்தது. உங்களுக்கு அப்படி வந்தால் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். ஸ்கிரீன்ஷாட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் கொடுங்கள். ஆதார் நகலையும் மாற்றுத்திறனாளி அட்டையையும் இவர்களுக்கு அனுப்பவே வேண்டாம்.

நேர்காணலில் பார்வை இல்லை என்பதைச் சொல்லலாமா?

சொல்லிவிடுங்கள். அப்புறம், "உங்கள் மென்பொருள் என்விடிஏவோடு ஓடுமா?" என்று நீங்களும் கேளுங்கள். என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர் இலவசம்தான், ஆனால் நிறுவனத்தின் மென்பொருளில் பொத்தான்களுக்குப் பெயர் வைக்காமல் விட்டிருந்தால் டேப் விசையை அழுத்தும்போதெல்லாம் "பட்டன், பட்டன்" என்று மட்டும்தான் காதில் விழும். எது சேமிப்பது, எது அழிப்பது என்றே தெரியாது. வேலையில் சேரும் முன் ஒரு மணி நேரம் சோதித்துப் பார்க்கக் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி தனியார் நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும். அதையும் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

காது கேளாதவன். வீடியோ மீட்டிங்கில் திணறுகிறேன்.

தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசினால் பேச்சைத் திரையில் எழுத்தாகக் காட்டும் தானியங்கி வசதி குழம்பிவிடும். எடுத்த முடிவுகளை அப்போதைக்கப்போது ஒருவர் சாட்டில் தட்டச்சு செய்ய வேண்டும் என்று மேலாளரிடம் கேளுங்கள்.

மகளுக்கு முதுகுத்தண்டில் அடிபட்டுச் சக்கர நாற்காலியில் இருக்கிறாள். எட்டு மணி நேர வேலை முடியுமா அம்மா?

முடியும், ஒரே மூச்சாக வேண்டாம். உணர்ச்சி இல்லாத இடத்தில் படுக்கைப்புண் வந்தால் அவளுக்கே தெரியாது. அரை மணிக்கு ஒருமுறையாவது உடலைத் தூக்கி, எடையை மாற்றி உட்காரட்டும். போனில் அலாரம் வைத்துவிடுங்கள். ஷிப்டை இரண்டாகப் பிரித்துத் தருவார்களா என்றும் முதலிலேயே பேசிவிடுங்கள்.