அசனப் பந்திக்கு டோக்கன் எதற்கு?

கேள்வி: தூத்துக்குடி மாவட்டக் கிராமம் ஒன்றில் சி.எஸ்.ஐ. கிறிஸ்தவ சபையின் கமிட்டி உறுப்பினர் நான். ஊர் மக்களுக்கும் சபைக்கும் உறவே இல்லாமல் போய்விட்டது. இரண்டு ஆண்டுகளாக நற்செய்திக் கைப்பிரதி கொடுக்கிறோம், தெருப்பிரசங்கம் வைக்கிறோம், மருத்துவ முகாமும் நடத்தினோம். ஒருவரும் நெருங்கி வரவில்லை. முன்பெல்லாம் ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகையின் அசன விருந்துக்குக் கீழத்தெருப் பிள்ளைகள் தூக்குவாளியோடு வந்து நிற்பதால் கறி போதாமல் போகும். மூன்று ஆண்டுகளாகச் சந்தா கட்டிய குடும்பங்களுக்கு மட்டும் டோக்கன் கொடுப்பதால் அந்த நெருக்கடி இல்லை. மற்றபடி சபை நன்றாகவே நடக்கிறது. ஊர் மக்களை எப்படிச் சபையின் பக்கம் கொண்டுவருவது?

பதில்: சகோதரரே, உங்கள் கடிதத்தின் பெரும்பகுதியை வேறு வேறு கையெழுத்துகளில் பலமுறை படித்திருக்கிறேன், ஆகவே கைப்பிரதியையும் முகாமையும் ஒதுக்கிவிட்டு, நீங்கள் போகிறபோக்கில் எழுதிய டோக்கனைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

முந்தின இரவே பந்தலில் உட்கார்ந்து காய் நறுக்கி, விடியுமுன் அண்டாவை அடுப்பிலேற்றி, சாதி மதம் பாராமல் ஊரையே பந்தியில் உட்காரவைத்துச் சோறும் ஆட்டுக்கறியும் பரிமாறுவதுதான் அசனம் என்பது உங்கள் பக்கத்தில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். ஊரார் கூச்சமில்லாமல் உங்கள் வளாகத்துக்குள் நுழைய ஆண்டில் இருந்தது அந்த ஒரு நாள்தான். அன்றைக்கு வாசலில் ஆள் நிறுத்திச் சீட்டுக் கேட்டுவிட்டு, மறுமாதம் அதே தெருவுக்குக் கைப்பிரதியோடு போனால் அவர்கள் எந்த மனதோடு வாங்குவார்கள்?

அந்தத் தூக்குவாளி யாருக்கு என்று உங்களில் ஒருவராவது கேட்டீர்களா? நடக்கமாட்டாத ஆச்சிக்கோ, வேலைக்குப் போன தாய்க்கோ ஒரு பங்கு கொண்டுபோகத்தான் அந்தப் பிள்ளை அதைச் சுமந்து வந்திருக்கும். வீட்டாரை நினைக்கிற பிள்ளையைத் தடுத்து நிறுத்தியதை நெருக்கடி தீர்ந்த கணக்கில் எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? திருப்பி அழைக்க வகையற்றவர்களையே விருந்துக்கு அழைக்கச் சொல்லும் லூக்கா 14ஆம் அதிகாரம் உங்கள் ஆலயத்திலும் வாசிக்கப்படுகிறதல்லவா?

1876-78 பஞ்சத்தில் ஆதரவற்றுப் போன பிள்ளைகளுக்காக உங்கள் மாவட்டத்து நாசரேத்தில் கைத்தொழில் பள்ளி தொடங்கினார் மிஷனரி மர்காஷிஸ் ஐயர். அவ்வளவு பின்னால் போகவும் வேண்டாம்: 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 செ.மீ. மழை கொட்டியபோது, ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு சிக்கிய பயணிகளுக்குப் பக்கத்துக் கிராமத்தார் தங்கள் கோயிலில் இடம் கொடுத்துச் சமைத்துப் போட்டார்கள். யாரும் அவர்களிடம் சந்தா ரசீது கேட்கவில்லை.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் டோக்கனை நிறுத்தத் தீர்மானம் கொண்டுவாருங்கள். கறி போதாது என்று பொருளாளர் சொன்னால், சீரியல் விளக்குக்கும் ஒலிபெருக்கிக்கும் ஆகும் செலவைக் குறைத்து ஆடு வாங்குங்கள், அதற்கும் மனமில்லை என்றால் சாம்பாரைக் கூட்டுங்கள் (சாம்பார் ஊற்றியதால் எந்தச் சபையும் உடைந்ததில்லை, கணக்குக் கேட்டு உடைந்தவை உண்டு). பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பு, சபை ஊழியரான உபதேசியாரை அனுப்பிவிட்டு வீட்டில் இருந்துகொள்ளாமல், நீங்களே மனைவி பிள்ளைகளோடு கீழத்தெருவில் வீடு வீடாகப் போய், கல்யாணத்துக்கு அழைப்பதுபோல் அழையுங்கள். காய் நறுக்கவும் சேர்த்தே கூப்பிடுங்கள்; சாப்பிட மட்டும் கூப்பிட்டால் மானமுள்ளவர்கள் வரமாட்டார்கள். எழுந்து வரமுடியாத முதியவர்கள் எந்தெந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று அப்போதே கேட்டுவைத்து, அவர்கள் பங்கை முதல் பந்திக்கு முன்பே வாலிபர் சங்கத்தார் கையில் கொடுத்தனுப்புங்கள். அன்றைக்குக் கைப்பிரதி எதுவும் கொடுக்கவேண்டாம்.