படுக்கையறை அலமாரியில் ஒரு துப்பாக்கி

அன்புள்ள ஐயா,

டெக்சாஸின் உவால்டே நகரில் 2022இல் நடந்த பள்ளிப் படுகொலை பற்றி எழுதியபோது, துப்பாக்கிக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்று சொல்லியிருந்தீர்கள். படித்தபோது முழுக்க உடன்பட்டேன். இப்போது அந்த உறுதி எனக்கு இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நாங்கள் டாலஸ் புறநகரில் இருக்கிறோம். போன தீபாவளி சமயத்தில் எங்கள் தெருவில் இரண்டு இந்திய வீடுகளில் பூட்டை உடைத்து நகைகளை எடுத்துப் போனார்கள். ஒரு வீட்டில் வயதான பெற்றோர் மாடியில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. நான் மாதத்தில் ஒரு வாரம் வேலையாக வெளியூர் போகிறவன். அப்போது மனைவியும் பதினான்கு வயது மகனும் எட்டு வயது மகளும் மட்டும்தான் வீட்டில். கிரீன் கார்டு வந்துவிட்டதால் துப்பாக்கி வாங்கச் சட்டப்படி தடையில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ராணுவத்தில் இருந்தவர், ரொம்ப நல்ல மனிதர். கடைக்கு அழைத்துப் போகிறேன், சுடவும் சொல்லித் தருகிறேன் என்கிறார்.

இந்த நாட்டில் மனிதர்களைவிடத் துப்பாக்கிகள் அதிகம். திருடன் சட்டத்தை மதித்து நடக்கப் போவதில்லை. அப்படியிருக்க நான் மட்டும் வெறுங்கையோடு இருக்க வேண்டுமா? துப்பாக்கியே இல்லாத ஊரில் இருந்துகொண்டு கட்டுப்பாடு வேண்டும் என்று எழுதுவது எளிது என்கிறாள் என் மனைவி. கோபித்துக்கொள்ளாமல் பதில் சொல்லுங்கள்.

ஆர்., டெக்சாஸ்

அன்புள்ள ஆர்.,

கோபம் ஏன் வரப்போகிறது? உங்கள் மனைவி கேட்டது நியாயமான கேள்வி. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

துப்பாக்கி இருந்த வீட்டில்தான் நான் வளர்ந்தேன். கம்பம் பள்ளத்தாக்கில் எங்கள் தாத்தாவுக்கு வாழைத்தோட்டம். காட்டுப்பன்றிக்காக லைசென்ஸ் எடுத்து ஒரு இரட்டைக்குழல் வைத்திருந்தார். தேர்தல் வந்தால் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கி வருவார், முடிந்ததும் போய் எடுத்து வருவார். எனக்குப் பத்து வயதிருக்கும், ஒரு மாசி மாத இரவில் வாழைக்குள் ஏதோ அசைந்தது. தாத்தா குறிபார்த்துவிட்டார். எங்கள் நாய் குரைக்காமல் வாலாட்டிக்கொண்டு ஓடியதைப் பார்த்துத்தான் விரலை எடுத்தார். வந்தவர் முறைத்தண்ணீர் திருப்ப வந்த பக்கத்துத் தோட்டத்துக்காரர், எனக்கு மாமா முறை. அன்றிரவு தாத்தா சாப்பிடவில்லை, விடியும்வரை திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். அடுத்த வாரமே துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டு லைசென்ஸும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பன்றிக்கு வேலி போட்டுக்கொண்டோம்.

1992 அக்டோபரில் லூசியானாவின் பேட்டன் ரூஜ் நகரில் நடந்ததைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த இரவு நினைவுக்கு வரும். யோஷிஹிரோ ஹட்டோரி என்ற 16 வயது ஜப்பானிய மாணவன் ஹாலோவீன் விருந்துக்குப் போகும் வழியில் வீடு மாறி வேறொரு வீட்டின் மணியை அடித்தான். வீட்டுக்காரர் கைத்துப்பாக்கியோடு வந்து அசையாதே என்று ஆங்கிலத்தில் கத்தினார். பையன் பார்ட்டிக்கு வந்திருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே முன்னால் வந்தான். ஒரே குண்டுதான். வீட்டுக்காரரை ஜூரி விடுதலை செய்தது, தன் வீட்டைக் காக்கத்தான் சுட்டார் என்று. பையனின் பெற்றோர் ஜப்பானில் 17 லட்சம் கையெழுத்துகள் திரட்டி, 1993இல் அதிபர் கிளிண்டனை நேரில் சந்தித்து, வீடுகளில் துப்பாக்கியைக் கட்டுப்படுத்துங்கள் என்று கேட்டார்கள். முப்பது வருடம் கழித்து, 2023 ஏப்ரலில், கன்சாஸ் சிட்டியில் தம்பிகளைக் கூட்டிப்போக வந்து வீடு மாறி மணியடித்த 16 வயதுப் பையனையும் சுட்டார்கள். தலையில் குண்டு பாய்ந்தும் அவன் பிழைத்துக்கொண்டான்.

உங்கள் வீட்டை நினைத்துப் பாருங்கள். ஊரிலிருந்து அம்மா அப்பா வந்து ஆறு மாதம் தங்குவார்கள். நேரம் புரியாமல் நடுராத்திரியில் எழுந்து இருட்டில் சமையலறைக்குப் போவார்கள். மகன் இன்னும் இரண்டு வருடத்தில் சொல்லாமல் வெளியே போய் பின்வாசல் வழியாக உள்ளே வரும் வயதுக்கு வந்துவிடுவான். தூக்கத்திலிருந்து திடுக்கிட்டு எழும் ஒருவருக்கு அந்தக் காலடிச் சத்தமும் திருடனின் காலடிச் சத்தமும் ஒன்றுபோலத்தான் கேட்கும்.

திருடனைப் பற்றிய உங்கள் பயத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை. அமெரிக்க நீதித்துறையின் புள்ளிவிவரப் பிரிவு 2003 முதல் 2007 வரையிலான வீட்டுத் திருட்டுகளை ஆராய்ந்தது. நூற்றில் 28 திருட்டுகளில்தான் வீட்டில் ஆள் இருந்தார்கள். வீட்டில் இருந்தவர்மீது வன்முறை நடந்தவை மொத்தத்தில் நூற்றுக்கு 7. ஏழு என்பதும் குறைவில்லைதான். ஆனால் பெரும்பாலான திருடர்கள் ஆளில்லாத வீட்டைத்தான் தேடுகிறார்கள், இந்தியர் வீட்டுக்கு வருகிறவர்கள் தங்கத்தைத் தேடி வருகிறார்கள். அந்த நேரத்தில் வீட்டில் துப்பாக்கி இருந்தால் நகையோடு சேர்த்து அதையும் எடுத்துப் போவார்கள்.

இப்போது நான் உண்மையில் சொல்ல விரும்பியதற்கு வருகிறேன். ஏனென்றால் உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் தொந்தரவு செய்தது திருட்டு இல்லை, 'பதினான்கு வயது மகன்' என்ற சொற்கள்.

2023இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் சுமார் 46,700 பேர். இதில் பாதிக்கும் மேல், 27,000க்கும் அதிகமானவர்கள், தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள். பள்ளியில் நடக்கும் படுகொலைகளையும் தெருக்கொலைகளையும்தான் நாம் செய்தியில் பார்க்கிறோம். வீட்டுக்குள், கதவுக்குப் பின்னால் நடக்கும் இந்தப் பாதி செய்தியில் வருவதில்லை. 2020இலிருந்து அங்கே குழந்தைகளும் பதின்வயதினரும் இறப்பதற்கு முதல் காரணம் துப்பாக்கி, கார் விபத்துகூட அதற்குப் பிறகுதான்.

ஹூஸ்டனில், உங்கள் மாநிலத்திலேயே, ஓர் ஆய்வு நடந்தது. தற்கொலைக்கு முயன்று மயிரிழையில் தப்பிய 13 முதல் 34 வயது வரையானவர்களிடம், முடிவெடுத்ததற்கும் முயன்றதற்கும் இடையே எவ்வளவு நேரம் என்று கேட்டார்கள். கால்வாசிப் பேர் ஐந்து நிமிடத்துக்கும் குறைவு என்றார்கள். பரீட்சை மதிப்பெண், காதல், பள்ளியில் ஓர் அவமானம், அப்பாவின் ஒரு கடுஞ்சொல். ஐந்து நிமிடம்தான். அந்த ஐந்து நிமிடம் கடந்துவிட்டால், அப்படிப் பிழைத்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பிற்பாடு தற்கொலையால் இறப்பதில்லை. துப்பாக்கியோ அந்த இரண்டாவது வாய்ப்பைப் பெரும்பாலும் தருவதில்லை. இஸ்ரேல் ராணுவம் 2006இல் ஒரு சின்ன மாற்றம் செய்தது. வார இறுதியில் வீட்டுக்குப் போகும் இளம் வீரர்கள் துப்பாக்கியை முகாமிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான். வீரர்களிடையே தற்கொலை சுமார் 40 சதவீதம் குறைந்தது. அவர்கள் மனம் மாறவில்லை, கவலை குறையவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கி இல்லை.

என் பையன் அப்படிப்பட்டவன் இல்லை என்பீர்கள். எல்லாப் பெற்றோரும் அப்படித்தான் நம்புகிறோம். எங்கே வைத்திருக்கிறேன் என்று அவனுக்குத் தெரியாது என்றும் சொல்வீர்கள். அலபாமாவில் துப்பாக்கி உள்ள வீடுகளில் பெற்றோரையும் பிள்ளைகளையும் தனித்தனியாக விசாரித்தார்கள். என் பிள்ளை அதைத் தொட்டதே இல்லை என்று சொன்ன பெற்றோரில் நூற்றுக்கு 22 பேரின் பிள்ளைகள், தொட்டிருக்கிறோம் என்றார்கள். நாம் பரணில் ஒளித்து வைத்த முறுக்கு டப்பாவை இவர்கள் எத்தனை நாளில் கண்டுபிடித்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு கணக்கு சொல்லக்கூடும்: வருடத்துக்கு 25 லட்சம் முறை அமெரிக்கர்கள் துப்பாக்கியால் தங்களைக் காத்துக்கொள்கிறார்கள் என்று. அந்த எண் 1995இல் வெளியான ஒரு தொலைபேசிக் கருத்துக்கணிப்பிலிருந்து வந்தது. சுமார் 5,000 பேரிடம் கேட்டதில், நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று அதிகமானவர்கள் ஆமாம் என்றார்கள். அதை நாட்டின் வயதுவந்தோர் எல்லாருக்குமாகப் பெருக்கினார்கள். இப்படி அபூர்வமான ஒன்றைக் கேட்கும்போது நூறு பேரில் ஒருவர் மிகைப்படுத்தினாலே கணக்கு பல மடங்கு ஊதிவிடும். அரசின் குற்றக் கணக்கெடுப்பு தரும் எண் ஒரு லட்சத்துக்கும் கீழே. துப்பாக்கியால் தப்பித்தவர்கள் நிச்சயமாக இருக்கிறார்கள். கொலை மிரட்டல் விடும் முன்னாள் கணவனிடமிருந்து ஒளிந்து வாழும் பெண்ணிடமும், போலீஸ் வர ஒரு மணி நேரமாகும் பண்ணையில் தனியாக இருப்பவரிடமும் நான் இதே பதிலைச் சொல்லத் தயங்குவேன். நீங்கள் அந்த இரண்டு நிலையிலும் இல்லை.

திருடன் சட்டத்தை மதிக்க மாட்டான் என்பது சரி. ஆனால் அவன் கைக்கு வரும் துப்பாக்கி தொழிற்சாலையிலிருந்து சட்டப்படி கிளம்பியதுதான். மிசௌரி மாநிலத்தில் கைத்துப்பாக்கி வாங்க ஷெரீஃப் எனப்படும் உள்ளூர்க் காவல் தலைவரிடம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. 2007இல் அதை நீக்கினார்கள். அதன்பின் துப்பாக்கிக் கொலைகள் கூடின என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். கனெக்டிகட் 1995இல் அதேபோன்ற அனுமதி முறையைக் கொண்டுவந்தது, அங்கே குறைந்தன. துப்பாக்கியைப் பிடுங்குவது வேறு, யார் வாங்குகிறார் என்று பார்ப்பது வேறு. நான் கேட்பது இரண்டாவதை. துப்பாக்கியோடு வரும் கெட்டவனைத் துப்பாக்கி வைத்திருக்கும் நல்லவனால்தான் தடுக்க முடியும் என்ற வாதத்துக்கு உவால்டேயே பதில். 2022 மே 24 அன்று அந்தப் பள்ளிக்கு 376 ஆயுதம் தாங்கிய அதிகாரிகள் வந்தார்கள், 77 நிமிடம் கழித்துத்தான் உள்ளே போய்க் கொலைகாரனை வீழ்த்தினார்கள். பயிற்சி பெற்றவர்களுக்கே அந்த நேரத்தில் கை வரவில்லை.

துப்பாக்கி வைத்துக்கொள்ள அமெரிக்க அரசியல் சாசனம் தரும் உரிமை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2008இல் ஹெல்லர் என்பவரின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தனிமனிதருக்கு அந்த உரிமை உண்டு என்றது, அதே தீர்ப்பில் அது எல்லையற்ற உரிமை இல்லை என்றும் சொன்னது. இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கட்டுப்பாட்டின் வரலாறும் தூய்மையானது இல்லை. கருப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய பிளாக் பாந்தர் இயக்கத்தினர் துப்பாக்கியோடு தெருவில் நடந்தபோதுதான், 1967இல், கலிபோர்னியாவில் கவர்னர் ரீகன் ஒரு தடைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். சிறுபான்மையினர் அரசை நம்பி வெறுங்கையோடு இருக்கத் தயங்குவது எனக்குப் புரிகிறது. 2017இல் கன்சாஸ் மாநிலம் ஓலேத்தில் நம் நாட்டு இன்ஜினியர் ஒருவரை 'என் நாட்டை விட்டு வெளியே போ' என்று கத்திச் சுட்டுக் கொன்றபோது, நானும் அங்கிருக்கும் உறவினர்களை நினைத்துத் தூங்காமல் இருந்தேன்.

சரி, என்னதான் செய்வது? முதலில் நகையை வீட்டிலிருந்து வங்கி லாக்கருக்கு மாற்றுங்கள். அந்த வீடுகளுக்குத் திருடன் வந்ததே அதற்காகத்தான். வாசல் கதவின் சட்டத்தில் நீளமான திருகாணிகள், பின்பக்கம் விளக்கு, அலாரம், படுக்கையறைக்கு உள்ளிருந்து பூட்டும் கெட்டியான கதவு. சத்தம் கேட்டால் மூவரும் ஒரே அறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டு 911 அழைக்க வேண்டும் என்று ஒருமுறை எல்லாரும் சேர்ந்து செய்து பாருங்கள். மகன் எப்போதாவது மனம் உடைந்து பேசினால், 988 என்ற எண்ணில் எந்த நேரமும் ஆள் கிடைப்பார்கள் என்று அவனுக்கும் தெரிந்திருக்கட்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், தோட்டாவை எடுத்துவிட்டுப் பூட்டிய இரும்புப் பெட்டியில் வையுங்கள். தோட்டா வேறொரு பூட்டில். எண் உங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியக்கூடாது, பிறந்தநாள் தேதியாகவும் இருக்கக்கூடாது. தோட்டா நிரப்பிய துப்பாக்கியைப் பாதுகாக்காமல் விட்டு, அது 17 வயதுக்குட்பட்டவர் கைக்குக் கிடைத்துவிட்டால் டெக்சாஸ் சட்டமே அதைக் குற்றம் என்கிறது. மிச்சிகனில் 2021இல் நான்கு சக மாணவர்களைச் சுட்டுக் கொன்ற சிறுவனின் அப்பாவும் அம்மாவும் இன்று சிறையில் இருக்கிறார்கள்.

அப்புறம், வாங்கினாலும் வாங்காவிட்டாலும் இதைக் கட்டாயம் செய்யுங்கள். மகன் அடுத்த முறை நண்பன் வீட்டில் இரவு தங்கப் போகும்போது, அந்த வீட்டு அம்மாவிடம் சாப்பாட்டு ஒவ்வாமை பற்றிச் சொல்வீர்கள் இல்லையா, அதோடு சேர்த்து, "உங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டி வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்டுவிடுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும். முதல் முறை உங்கள் மனைவி கேட்கட்டும், அவருக்கு நேராகக் கேட்க வருகிறது.