கம்யூனிட்டி காலேஜில் தொடங்கி பயோஎன்ஜினியரிங் பட்டத்துக்கு மாற எந்தப் பாடங்களை எப்போது எடுக்க வேண்டும்?

ட்ரான்ஸ்ஃபர் என்றால், அமெரிக்காவில் முதல் இரண்டு வருடத்தைக் கட்டணம் குறைந்த கம்யூனிட்டி காலேஜில் முடித்துவிட்டு, மூன்றாம் வருடத்தில் பல்கலைக்கழகத்தில் சேர்வது. கலிஃபோர்னியாவை எடுத்துக்கொள்வோம்.

இந்த மேஜரில், அதாவது முதன்மைப் பாடத்தில், தலைவலியே வரிசைதான். கால்குலஸ் இல்லாமல் பொறியியல் மாணவர்களுக்கான இயற்பியல் வகுப்பில் சேர முடியாது. பொது வேதியியல் முடிக்காமல் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி கிடையாது. இட்லி மாவு மாதிரி: ஊறாமல் அரைக்க முடியாது, அரைக்காமல் புளிக்காது. ஆகவே முதல் செமஸ்டரிலேயே கால்குலஸையும் பொது வேதியியலையும் பிடித்துவிடுங்கள். ப்ரீகால்குலஸிலிருந்து, அதாவது கால்குலஸுக்கு முந்தைய கணிதத்திலிருந்து, தொடங்குபவர்கள் அதைக் கோடை வகுப்பில் முடிப்பது நல்லது. இல்லாவிட்டால் கடைசியில் வரும் கணிதப் பாடங்களான லீனியர் ஆல்ஜீப்ராவும் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸும் இரண்டு வருடத்துக்குள் அடங்காது.

எந்தப் பாடம் எதற்கு ஈடு என்று அசிஸ்ட் இணையதளத்தில் பார்க்கலாம். உங்கள் கல்லூரி, சேர விரும்பும் வளாகம், மேஜர் மூன்றையும் கொடுத்தால் போதும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகப் பட்டியலும் சான் டியேகோ வளாகப் பட்டியலும் ஒன்றல்ல. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

60 செமஸ்டர் யூனிட் (பாடங்களுக்குக் கிடைக்கும் கிரெடிட்) சேர்ந்தாலே இடம் உறுதி என்று பலர் நினைக்கிறார்கள். அது குறைந்தபட்சத் தகுதிதான், விடுபட்ட இயற்பியலுக்கு வரலாற்று யூனிட் ஈடாகாது.